ஹார்வர்டு அஞ்சு வருஷத்துல கிளம்பிடுச்சு, அதுதான் நல்ல டை-அப்

(ஒலிபரப்பான எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

மாப்பிள்ளையூரணியில இருந்து பேசுறேன். பகல்ல கோட், ராத்திரி மைக். வழக்கம்போல இன்பாக்ஸ்ல இருந்து ஆரம்பிப்போம்.

கொஞ்ச நாளா ஒரே கேள்வி வேற வேற பேர்ல வந்துட்டே இருக்கு. "அண்ணா, ஒரு ஃபாரின் யுனிவர்சிட்டியோட டை-அப் வச்சிருக்காங்களாம். இங்க இருந்தே எம்பிஏ முடிச்சிடலாமாம். சேரலாமா?" கேக்குறவங்க பெரும்பாலும் டிகிரி முடிச்சு ரெண்டு மூணு வருஷம் வேலை பார்த்தவங்க.

தூத்துக்குடி பக்கம் இந்த ஆசை வர்றதுல ஆச்சரியம் இல்ல. வ.உ.சி. துறைமுகத்துல சிங்கப்பூர் கம்பெனி பங்குல ஒரு கன்டெய்னர் டெர்மினல் 1999-லேயே வந்தாச்சு. 2025 ஆகஸ்ட்ல சில்லாநத்தம் சிப்காட்ல வியட்நாம்காரங்களோட வின்ஃபாஸ்ட் கார் ஃபேக்டரி திறந்தாங்க. வெளிநாட்டு கம்பெனி நம்ம வாசல்ல வந்து நிக்கும்போது, கேட்டுக்குள்ள போறவன் சூப்பர்வைசராவே ரிட்டயர் ஆகணுமா, மேனேஜர் ஆகலாமான்னு யோசிக்கத்தானே செய்வான்?

அதனால இன்னைக்கு டாபிக் இதுதான். ரெண்டு கல்வி நிறுவனங்கள், ரெண்டு நாடு, நடுவுல ஒரு மேனேஜ்மென்ட் படிப்பு. இந்தக் கூட்டு எப்ப உண்மையா வேலை செய்யுது, எப்ப வெறும் லோகோவா நிக்குது? நம்ம நாட்டுலயே இதுக்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கு. அங்க இருந்து போவோம்.

1961: ரெண்டு ஊர், ரெண்டு கூட்டாளி

1961-ஐ நம்ம ஊர்க்காரங்க வேற காரணத்துக்காக ஞாபகம் வச்சிருப்பாங்க. தூத்துக்குடி கடல்ல கடைசி முத்துக்குளிப்பு நடந்த வருஷம் அது. அதே வருஷக் கடைசியில, நவம்பர்ல கல்கத்தாவுலயும் டிசம்பர்ல அகமதாபாத்லயும் ஐஐஎம் ஆரம்பிச்சாங்க.

அன்னைக்கு நிலைமை என்னன்னா, அரசாங்கம் ஸ்டீல் பிளான்ட், அணை, உர ஃபேக்டரின்னு வரிசையா கட்டிட்டு இருக்கு. இன்ஜினியர் இருக்காங்க. ஆனா இவ்வளவு பெரிய நிறுவனத்தை நடத்துற ஆள் பத்தல. அந்த ஆளை உருவாக்குற வாத்தியாரும் கிட்டத்தட்ட இல்ல. 1959-ல கலிஃபோர்னியா யுனிவர்சிட்டியோட லாஸ் ஏஞ்சலஸ் கேம்பஸ்ல இருந்து ஜார்ஜ் ராபின்ஸ் வந்து சுத்திப் பார்த்து ஒரு ரிப்போர்ட் கொடுத்தார். அமெரிக்காவோட ஃபோர்டு ஃபவுண்டேஷன் பணம் கொடுத்துச்சு. மத்திய அரசு, மாநில அரசு, தொழிலதிபர்கள் எல்லாரும் சேர்ந்தாங்க.

கல்கத்தாவுக்குக் கூட்டாளி எம்ஐடி-யோட ஸ்லோன் ஸ்கூல். அகமதாபாத்துக்கு ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல். கல்கத்தா இன்னைக்கும் கணக்கு, ஃபைனான்ஸ், புள்ளிவிவரம்னு ஸ்ட்ராங். அகமதாபாத் கேஸ் ஸ்டடிக்குப் பேர் போனது. கூட்டாளியோட குணம் அறுபது வருஷம் தாண்டியும் ஒட்டிட்டு இருக்கு பாருங்க.

அகமதாபாத் கதையைக் கொஞ்சம் விரிவா பார்ப்போம். இதுக்குப் பின்னாடி நின்ன முக்கியமான ஆள் விக்ரம் சாராபாய். ஆமா, இஸ்ரோ சாராபாயேதான். தொழிலதிபர் கஸ்தூர்பாய் லால்பாயும் கூட நின்னார். 1962-ல ஹார்வர்டோட ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்துச்சு. ஹார்வர்டு என்ன கொடுத்துச்சுன்னு கவனிங்க. டிகிரி கொடுக்கல. தன் பேர்ல சர்டிஃபிகேட் அடிக்கல. சில புரொபசர்களை இங்க அனுப்புச்சு. அதைவிட முக்கியம், இந்திய வாத்தியார்களை பாஸ்டனுக்குக் கூப்பிட்டு, சர்வதேச ஆசிரியர்களுக்குன்னே நடத்துன ஒரு பயிற்சியில உட்கார வச்சு, வகுப்பு எப்படி எடுக்கணும், கேஸ் எப்படி எழுதணும்னு சொல்லிக் கொடுத்துச்சு.

உப்பள அம்பாரம் பாஸ்டன் புத்தகத்துல இருக்காது

கேஸ் எழுதுறதுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சொல்லிடுறேன். ஒரு உண்மையான நிறுவனத்துல ஒருத்தர் ஒரு முடிவு எடுக்க வேண்டிய நிலைமை. கணக்கு, சூழ்நிலை, யார் என்ன சொன்னாங்க, எல்லாம் பத்துப் பதினைஞ்சு பக்கத்துல இருக்கும். விடை இருக்காது. நீங்க முந்தின ராத்திரி படிச்சுட்டு வரணும். வகுப்புல வாத்தியார் பாடம் நடத்த மாட்டார். "நீங்க அந்த நாற்காலியில இருந்தா என்ன பண்ணுவீங்க?"ன்னு கேப்பார். அவ்வளவுதான். அடுத்த ஒரு மணி நேரம் சண்டை.

நம்ம ஊருக்கு ஒரு கற்பனை கேஸ் போட்டுப் பார்ப்போம். நீங்க ஒரு உப்பள முதலாளி. செப்டம்பர் மாசம். கரையில உப்பு அம்பாரமா குவிஞ்சு கிடக்கு. இப்ப வித்தா விலை கம்மி. ஓலை போட்டு மூடி வச்சு மழைக்காலம் தாண்டி வித்தா விலை ஏறலாம். ஆனா வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்கினா பாதி கரைஞ்சு போகும். தீபாவளிக்கு ஆளுங்களுக்கு போனஸ் கொடுக்கணும், கையில காசு இல்ல. வியாபாரி இன்னைக்கு அட்வான்ஸ் தர்றேங்குறான், ஆனா விலையை அவன்தான் சொல்வான். இப்ப சொல்லுங்க, எவ்வளவு விப்பீங்க, எவ்வளவு மூடி வைப்பீங்க?

இதுக்குள்ள ஃபைனான்ஸ் இருக்கு, ரிஸ்க் இருக்கு, தொழிலாளர் உறவு இருக்கு, பேரம் இருக்கு. ஒரு எம்பிஏ பாடத்துல பாதி இங்கேயே வந்துடும். ஆனா இந்தக் கேஸ் பாஸ்டன்ல உட்கார்ந்திருக்கிற யாராலயும் எழுத முடியாது. இங்க இருக்குறவன்தான் எழுதணும். அதுக்கு அவனுக்கு முறை தெரியணும். அகமதாபாத் வாத்தியார்கள் ஹார்வர்டுல கத்துக்கிட்டது அந்த முறையை. திரும்பி வந்து இந்தியக் கம்பெனிகளுக்குள்ள போய் இந்தியக் கேஸ் எழுதுனாங்க.

கூட்டாளி எப்ப கிளம்பணும்?

1967-ல அந்த ஒப்பந்தம் முடிஞ்சுது. அஞ்சே வருஷம். ஹார்வர்டு கிளம்பிடுச்சு. இன்ஸ்டிட்யூட் படுத்துச்சா? இல்ல. அதுக்குள்ள இங்க வாத்தியார் இருந்தாங்க, கேஸ் இருந்துச்சு, 1964-ல ஆரம்பிச்ச ரெண்டு வருஷப் படிப்பு இருந்துச்சு. 1965-ல முழுநேர டைரக்டரா வந்த ரவி மத்தாய்க்கு அப்ப முப்பத்தெட்டு வயசு. பிஎச்டி கிடையாது. 1972-ல அவரே பதவியை விட்டு இறங்கி, அதே இடத்துல புரொபசரா தொடர்ந்தார். அதுக்கப்புறம் 1975-ல இருந்து ராஜஸ்தான்ல ஜவாஜாங்கிற பகுதியில நெசவாளர்கள், தோல் தொழிலாளர்களோட உட்கார்ந்து, அவங்க தொழிலை அவங்களே நடத்த என்ன கத்துக்கணும்னு ஒரு முயற்சி பண்ணார். இது ஹார்வர்டு சிலபஸ்ல இருந்து வந்த யோசனை இல்ல. இங்க வேர் விட்டதால வந்த யோசனை.

சாஃப்ட்வேர்காரன் பாஷையில சொன்னா, கன்சல்டன்ட் போன பிறகும் சிஸ்டம் ஓடணும். அவர் லாகின் இல்லாம சர்வர் ரீஸ்டார்ட் ஆகலன்னா அது டெலிவரி இல்ல, சந்தா.

நம்ம மட்டும் இல்ல. 1955-ல கராச்சியில ஆரம்பிச்ச ஐபிஏ-வுக்கு அமெரிக்காவோட வார்ட்டன் ஸ்கூல் கை கொடுத்துச்சு. 1968-ல மணிலாவுல ஆசிய மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட் ஹார்வர்டு ஆளுங்க உதவியோட வந்துச்சு. 1991-ல ஆரம்பிச்ச லாகோஸ் பிசினஸ் ஸ்கூலுக்கு ஸ்பெயின்ல இருக்கிற ஐஇஎஸ்இ துணை நின்னுச்சு. மூணும் இன்னைக்கும் சொந்தப் பேர்ல நடக்குது.

தமிழ்நாட்டுப் பக்கம் வந்தா, பாலா பாலச்சந்திரன் கதை இருக்கு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல படிச்சு, அமெரிக்கா போய், கெல்லாக் ஸ்கூல்ல பல வருஷம் புரொபசரா இருந்தவர். ஐதராபாத் ஐஎஸ்பி உருவானதுலயும் அவர் பங்கு உண்டு. கெல்லாக், வார்ட்டன் ரெண்டோட துணையில 2001-ல வந்தது அது. 2004-ல சென்னையில கிரேட் லேக்ஸ் ஆரம்பிச்சார். ஒப்பந்தம் பேப்பர்ல இருந்தாலும் ரெண்டு பக்கமும் தெரிஞ்ச ஒரு ஆள் நடுவுல நின்னாத்தான் அது நகரும்ங்கிறதுக்கு அவர் நல்ல உதாரணம்.

இப்ப நாம அனுப்புற முறை

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது. ஐஐடி மெட்ராஸ் 1959-ல மேற்கு ஜெர்மனி உதவியோட வந்துச்சு. 2023-ல அதே ஐஐடி தான்சானியாவோட சான்சிபார்ல கேம்பஸ் திறந்துச்சு. இந்தியாவுக்கு வெளியே முதல் ஐஐடி கேம்பஸ் அது. அதை நடத்துற பொறுப்பு பிரீத்தி அகலாயத்துக்கு, ஒரு ஐஐடி கேம்பஸுக்குத் தலைமை ஏத்த முதல் பெண். அகமதாபாத் ஐஐஎம் 1961-ல வந்துச்சு, 2025 செப்டம்பர்ல துபாய்ல கேம்பஸ் திறந்து ஒரு வருஷ எம்பிஏ ஆரம்பிச்சுது. கணக்குப் போட்டுப் பாருங்க, ரெண்டுக்கும் 64 வருஷம். தற்செயல்தான். ஆனா வாங்கினவன் கொடுக்குறவனா மாற எவ்வளவு காலம் பிடிக்குதுன்னு ஒரு அளவு கிடைக்குதுல்ல?

நாம போற இடத்துலயும் இதே கேள்வியைக் கேக்கணும். சான்சிபார்ல இருபது வருஷம் கழிச்சு அந்த ஊர் வாத்தியார் வகுப்பு எடுப்பாரா? அப்படி நடந்தாத்தான் அது ஐஐடி-க்குப் பெருமை.

சரி, உங்க ஆறு லட்சத்துக்கு வருவோம்

எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி, காலேஜ்ல எனக்கு ஜூனியர். ஒரு ஏஜென்சி அவனைப் பிடிச்சு, இங்க இருந்தே ஆன்லைன்ல ஐரோப்பிய எம்பிஏன்னு ஆறு லட்சம் சொல்லிருக்கு. அப்பா போட்ல வேலை. நகையை வைக்கலாமான்னு வீட்டுல பேச்சு. "அண்ணே, நல்ல காலேஜ் மாதிரிதான் இருக்கு, வெப்சைட்லாம் பார்த்தேன்"னான். "வெப்சைட்டை நான் ரெண்டு நாள்ல செஞ்சு தர்றேம்லே, மொதல்ல டிகிரி யார் கொடுக்குறான்னு கேளு"ன்னேன். கேட்டான். முதல் ரெண்டு கேள்விக்கு வாட்ஸ்அப்ல பதில் வந்துச்சு. மூணாவதுக்கு அப்புறம் போன் எடுக்கல. கட்டின பத்தாயிரம் முன்பணம் போனது போனதுதான். நகை தப்பிச்சுது.

அந்தக் கேள்விகளை உங்களுக்கும் சொல்லிடுறேன்.

முதல் கேள்வி, டிகிரியில யார் கையெழுத்து? 2022 மே மாசம் யுஜிசி ஒரு விதிமுறை போட்டுச்சு. அதுல மூணு வகைக் கூட்டு இருக்கு. ட்வின்னிங்னா டிகிரி இந்திய நிறுவனத்தோடது, கிரெடிட்ல 30 சதவீதம் வரைக்கும் வெளிநாட்டுல படிக்கலாம். ஜாயின்ட் டிகிரின்னா ரெண்டு பேர் லோகோவும் உள்ள ஒரே சான்றிதழ், ரெண்டு பக்கமும் குறைஞ்சது 30 சதவீதம் கிரெடிட். டூயல் டிகிரின்னா ரெண்டு பேரும் தனித்தனியா கொடுப்பாங்க, இந்தியப் பக்கம் குறைஞ்சது 30 சதவீதம். இந்த மூணுல எதுன்னு சொல்லத் தெரியாதவங்கிட்ட பணம் கட்டாதீங்க.

ரெண்டாவது, ரெண்டு பேருக்கும் தகுதி இருக்கா? தனி அனுமதி இல்லாம இந்தக் கூட்டு வைக்கணும்னா இந்திய நிறுவனத்துக்கு நாக் மதிப்பெண் குறைஞ்சது 3.01 இருக்கணும், இல்ல தேசிய தரவரிசையில பல்கலைக்கழகப் பட்டியல்ல முதல் 100-க்குள்ள இருக்கணும், இல்ல சிறப்பு நிறுவனம்னு அரசு அறிவிச்சிருக்கணும். வெளிநாட்டுப் பக்கம் டைம்ஸ் அல்லது க்யூஎஸ் தரவரிசையில முதல் 1000. இதெல்லாம் அஞ்சு நிமிஷத்துல போன்லயே பார்த்துடலாம்.

மூணாவது, வகுப்பு எந்த முறையில? அந்த 2022 விதி ஆன்லைன் படிப்புக்கும் தொலைதூரப் படிப்புக்கும் பொருந்தாது. ஆன்லைன் கம்பெனிகள் வெளிநாட்டு யுனிவர்சிட்டியோட சேர்ந்து டிகிரி தர்றதா விளம்பரம் பண்றதைப் பத்தி 2023 டிசம்பர்ல யுஜிசி எச்சரிக்கையே விட்டுச்சு. 2025 விதிமுறைப்படி, ஃபிரான்சைஸ் முறையில வாங்குன வெளிநாட்டு டிகிரிக்கு இங்க சம மதிப்பு கிடைக்காது. அரசு வேலைக்கோ மேல்படிப்புக்கோ போகும்போதுதான் இது உறைக்கும்.

நாலாவது, பாடம் எடுக்குறது யார், பேப்பர் திருத்துறது யார்? அந்த வாத்தியார் கூட்டாளி நிறுவனத்துல பயிற்சி எடுத்தவரா? இல்ல, பதிவு பண்ண வீடியோவும் ஒரு ஒருங்கிணைப்பாளரும் மட்டும்தானா? ஹார்வர்டு கதையில நாம பார்த்தது இதைத்தான்.

ஒரு விஷயம் தெளிவா சொல்லிடுறேன். சின்னச் சின்ன சர்டிஃபிகேட் கோர்ஸ் தப்பே இல்ல. வேலைக்கு ஒரு திறமை வேணும்னா தாராளமா பண்ணுங்க. அதை டிகிரின்னு நினைச்சு டிகிரி விலை கொடுக்காதீங்க, அவ்வளவுதான்.

துறைமுகம் பக்கம் போகணும்னு நினைக்கிறவங்களுக்கு வேற வழியும் இருக்கு. சென்னையைத் தலைமையிடமா வச்சு 2008-ல வந்த இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்துல துறைமுகம், கப்பல் மேலாண்மைக்குன்னே எம்பிஏ இருக்கு. ஸ்வீடனோட மால்மோவுல ஐ.நா. கடல்சார் அமைப்பு 1983-ல தொடங்கின உலகக் கடல்சார் பல்கலைக்கழகம் முதுகலை தருது. பெல்ஜியத்துல ஆன்ட்வெர்ப் துறைமுகம் 1977-ல இருந்து பல நாட்டுத் துறைமுக அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்குது. மும்பை பக்கத்துல இருக்கிற ஜவாஹர்லால் நேரு துறைமுகம் அவங்களோட சேர்ந்து இங்கேயே ஒரு பயிற்சி அமைப்பு வச்சிருக்கு. வேலை செய்ற இடத்துல இருந்தே அனுப்பினா இதுல பலதுக்கு உங்க கைக்காசு போகாது. உள்ள வேலை பார்க்குறவங்க எச்ஆர்கிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

இந்த நாலு கேள்வியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க. அடுத்த தடவை "டை-அப்" போன் வரும்போது நாலையும் எழுத்துல கேளுங்க, பதிலையும் எழுத்துல வாங்குங்க. வந்த பதிலை எனக்கு அனுப்பினீங்கன்னா, பேரை எடுத்துட்டு ஒரு எபிசோட்ல வரிசையா வாசிக்கலாம். அடுத்த வாரம் கல்விக் கடனோட வட்டிக் கணக்கு. கால்குலேட்டரோட வாங்க. வர்றேன் மக்களே.