விரல் அழுத்திய குழி

எங்கள் பாட்டிக்குப் பொழுது சாய்ந்தால் கால் மெட்டி இறுகிவிடும். "நீர் கோத்துக்கிட்டுது" என்பாள். கணுக்காலுக்குச் சற்று மேலே, எலும்பின் மீது கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நிற்கும். மெல்ல மெல்லத்தான் நிரம்பும்.

அந்த நீர் ரத்தத்திலிருந்து வருவதுதான். மயிரிழையைவிட மெல்லிய நுண்குழாய்களில் ரத்த அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. ஆல்புமின் என்கிற புரதம் அதை உள்ளே இழுக்கிறது. மிச்சத்தை நிணநீர்க் குழாய்கள் வாரிக்கொண்டு போகின்றன. இந்த இழுபறியை 1896-இல் விளக்கியவர் ஆங்கிலேய உடலியல் அறிஞர் எர்னஸ்ட் ஸ்டார்லிங். இதயம் தளர்ந்தாலும், சிறுநீரகம் புரதத்தைச் சிறுநீரில் நழுவவிட்டாலும், கல்லீரல் ஆல்புமின் செய்யத் தவறினாலும் திசுக்களில் நீர் தேங்கிவிடும். ரத்தக்கொதிப்புக்குத் தரும் அம்லோடிபின் மாத்திரையாலும் சிலருக்குக் கால் வீங்கும்; அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

நெடுநேரம் பஸ்ஸில் உட்கார்ந்ததால் வந்த வீக்கம், காலைத் தலையணை மேல் உயர்த்திப் படுத்தாலே பெரும்பாலும் வடிந்துவிடும். பயம் வேண்டாம். ஆனால் ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால், ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். அப்படி ஆனாலும், கர்ப்பிணிக்கு முகமும் கையும் திடீரென வீங்கித் தலைவலித்தாலும், வீக்கத்தோடு மூச்சு முட்டினாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பார்லிக் கஞ்சி குடித்துவிட்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று தயவுசெய்து இருந்துவிடாதீர்கள்.