பாலின் புளிப்பும் அதை அளக்கும் விதமும்

(பால் உற்பத்தியாளர் ஐக்கிய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



சங்கத்தில் பாலைத் திருப்பிவிடும் நாளில் எழும் கூச்சலை நீங்கள் அறிவீர்கள். “இப்பொழுதுதான் கறந்தேன், அதற்குள் புளித்துவிட்டதா?” என்று அங்கத்தினர் கேட்கிறார். குமாஸ்தா கண்ணாடிக் குழாயைக் காட்டுகிறார். அதில் நடப்பது இன்னதென்று அறியாதவருக்கு அது கண்கட்டு வித்தையாகவே தோன்றும்.

மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலந்தால் சிவந்து ஆரத்தியாவதை நம் வீட்டுப் பெண்மணிகள் அறிவார்கள். சுண்ணாம்பு க்ஷார வஸ்து. அந்நீரில் எலுமிச்சம் பழத்தைப் பிழிந்தால் சிவப்பு நீங்கி மறுபடியும் மஞ்சளாகும். அமிலம் க்ஷாரத்தை முறித்துவிட்டது. எத்தனை துளியில் நிறம் மாறிற்று என்று எண்ணினால் அதுவே ஓர் அளவாகும். சங்கத்தில் அமிலம் பாலில் இருக்கிறது; க்ஷாரம் துளித்துளியாக விடப்படுகிறது. வேற்றுமை இவ்வளவே.

பாலிலுள்ள சர்க்கரையைக் கண்ணுக்குப் புலப்படாத கிருமிகள் லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. 10 கன சென்டிமீட்டர் பாலில் பினாப்தலீன் சில துளிகள் விட்டு, ஒன்பதில் ஒரு பங்கு நார்மல் வலுவுள்ள காஸ்டிக் சோடா நீரை, மங்கிய ரோஜா நிறம் நிலைக்கும்வரை சேர்க்க வேண்டும். செலவாகும் ஒவ்வொரு கன சென்டிமீட்டரும் நூற்றுக்கு 0.1 பங்கு அமிலத்தைக் குறிக்கும். புதுப்பாலுக்குச் சாதாரணமாக 1.3 முதல் 1.7 வரை செலவாகும். கறந்த பாலில் புளிப்பேது என்பீர்கள். பாலின் புரதமும் பாஸ்பேட் உப்புகளுமே அவ்வளவு க்ஷாரத்தை ஏற்றுக்கொள்ளும். 2-ஐத் தாண்டிப் போகப்போகக் காய்ச்சும்பொழுது திரிந்துவிடும்.

இன்னொரு அளவுமுண்டு. டென்மார்க் தேசத்து ஸோரன்ஸன் என்ற ரசாயன சாஸ்திரி 1909-ம் வருஷத்தில் பி.எச். என்ற அளவை ஏற்படுத்தினார். நடு நிலை 7. அதற்குக் கீழே அமிலம், மேலே க்ஷாரம். புதுப்பால் சுமார் 6.6; நன்றாய் உறைந்த தயிர் 4.6 அல்லது அதற்கும் கீழே. இரண்டே படிதானே என்று எண்ணலாகாது. ஒவ்வொரு படியும் பத்து மடங்காகையால், இரண்டு படி நூறு மடங்காகும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நான் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தில் வந்த பாலெல்லாம் 2-க்கு மேல் காட்டிற்று. காய்ச்சிப் பார்த்தால் ஒன்றும் திரியவில்லை. சோடா நீர்ச் சீசாவின் தக்கை தொலைந்து, பல வாரங்களாகக் காகிதத்தால் மூடி வைத்திருந்தார்கள். காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஈர்த்து அந்நீர் வலுவிழந்திருந்தது. வலுவிழந்த நீர் அதிகமாகச் செலவாகும். குற்றம் பாலின்மேல் விழும். புதிய நீரை ஊற்றியதும் அதே பால் 1.5 காட்டிற்று. முந்திய மாதம் நானே அச்சங்கத்தின் பரிசோதனைப் புஸ்தகத்தில் கையெழுத்திட்டிருந்தேன்; சீசாவைப் பார்க்கவில்லை. திருப்பிய பாலுக்குக் கிரயம் கொடுக்கப் பஞ்சாயத்தார் தீர்மானித்தார்கள். ஆயினும் இரண்டு அங்கத்தினர் சங்கத்திற்குத் திரும்பி வரவில்லை.

ஆதலால் சீசாவுக்கு ரப்பர் தக்கையே போடவேண்டும்; கண்ணாடித் தக்கையைச் சோடா பற்றிக்கொள்ளும். தயாரித்த தேதியை மேலே எழுதி ஒட்டச் சொல்லுங்கள். சந்தேகம் நேர்ந்தால் அப்பாலில் கொஞ்சம் சிறு குழாயில் எடுத்து, கொதிக்கும் வெந்நீரில் ஐந்து நிமிஷம் வைக்கும்படி கேட்பது உங்கள் உரிமை.

அங்கத்தினர் பக்கத்திலும் ஒரு சூழ்ச்சி உண்டு. சிரிக்கிறீர்கள், தெரியும் போலிருக்கிறது. சமையல் சோடாவைப் போட்டால் புளிப்பு முறியும்; கிருமிகள் சாவதில்லை. அதையும் ரோசாலிக் அமிலம் என்ற மருந்து ரோஜாச் சிவப்பாகக் காட்டிவிடும்.

இந்த மேஜைமேல் இரண்டு சீசா சோடா நீர் இருக்கிறது. ஒன்று நேற்றுக் கலந்தது. மற்றொன்று தக்கையில்லாமல் கிடந்தது. இன்று காலையில் வந்த பாலை எடுத்து, உங்களில் ஒருவர் முன்வந்து இரண்டினாலும் அளந்து பார்க்கலாம்.