பக்கவாதமும் தலைவிதியும்

(கிராமக் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவின் சாரம்)

தோழர்களே!

பக்கவாதத்தில் விழுந்தவர்கள் மறுபடியும் நிற்கவும் நடக்கவும் பழகுவதைப் பற்றி இன்று பேச வந்திருக்கின்றோம். இது டாக்டர்கள் பேசவேண்டிய விஷயமல்லவா என்று உங்களில் சிலர் கேட்கலாம். டாக்டர் சொல்லுவதை வீட்டில் நடக்கவொட்டாமல் தடுப்பது தலைவிதி என்னும் எண்ணமாய் இருப்பதால்தான் நாம் பேச வேண்டியிருக்கின்றது.

பக்கவாதம் என்றால் என்ன? மூளையின் இரத்தக்குழாய் அடைபடுகின்றது, அல்லது வெடிக்கின்றது. அதனால் மூளையில் ஒரு பகுதி செத்து, எதிர்ப்பக்கத்துக் கைகாலுக்குக் கட்டளை போவது நின்றுவிடுகின்றது. இவ்வளவேயல்லாமல், இதில் கிரகமும் இல்லை, செய்வினையும் இல்லை. ஆகவே, கண்டவுடன் போகவேண்டிய இடம் ஆஸ்பத்திரியே. அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும். புறா இரத்தம் தேடி அலைகின்றவர்கள் அந்த நேரத்தைத்தான் தொலைத்துவிடுகின்றார்கள்.

நிற்க, உயிர் பிழைத்து வீட்டிற்கு வந்த பிறகு நடப்பதென்ன? எமது தாயாருக்கு நேர்ந்ததையே சொல்லுகின்றோம். விதி பொய்யென்று மேடைதோறும் முழங்கிய நாமே அம்மையாரைக் கட்டிலை விட்டு இறங்கவிடவில்லை. சோறு ஊட்டினோம், தூக்கி உட்கார வைத்தோம், அதை அன்பென்றும் எண்ணிக்கொண்டோம். மூன்று மாதத்தில் இருந்த பலமும் போயிற்று. வாயினால் விதியை மறுத்து, கையினால் அதற்கே ஊழியம் செய்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளுகின்றோம்.

செத்த பகுதி பிழைப்பதில்லை என்பது உண்மையே. ஆனால், மிஞ்சியிருக்கும் பகுதிகள் பயிற்சியினால் அந்த வேலையில் பலவற்றைக் கற்றுக்கொள்ளுகின்றன. சைக்கிள் விடப் பழகினவன் எந்த மந்திரத்தைச் சொல்லிப் பழகினான்? திரும்பத் திரும்ப மிதித்தல்லவா பழகினான்!

பின்னர் இயன்முறை மருத்துவர் ஒருவர் வந்து காட்டிக்கொடுத்தவை மிகச் சாதாரணமானவை. கட்டில் ஓரத்தில் சாயாமல் உட்காருவது. கைக்குச் சற்று எட்டாமல் வைத்த தம்ளரை எட்டி எடுப்பது. இரண்டு காலிலும் சமமாகப் பாரம் வைத்து நாற்காலியிலிருந்து எழுவது. தூணைப் பிடித்துக்கொண்டு ஒரு காலிலிருந்து மறுகாலுக்குப் பாரத்தை மாற்றுவது. பிறகு பக்கவாட்டில் அடி எடுத்து வைப்பது. விழாதபடி பலவீனமான பக்கத்தில் ஒருவர் நிற்கவேண்டும். ஆனால், அந்தக் கையைப் பிடித்து இழுக்கக்கூடாது; தோள்மூட்டுக் கெட்டுவிடும். இப்படிப் பழகி, எமது தாயார் ஆறு மாதத்தில் தடியூன்றித் திண்ணைவரை வந்தார்.

இதற்கெல்லாம் பெரிய யந்திரம் வேண்டுமே என்று ஏழைகள் ஏங்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 408 நோயாளிகளைக் கொண்டு செய்து 2011இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், உடம்பை வாரினால் தாங்கி யந்திரப் பட்டையில் நடக்க வைத்தவர்களும், வீட்டிலேயே மருத்துவரைக் கொண்டு பலத்திற்கும் சமநிலைக்கும் பழக்கப்பட்டவர்களும் ஓராண்டில் ஒன்றுபோலவே தேறினார்கள். மொத்தத்தில் 100க்கு 52 பேருக்கு நடை மேம்பட்டது. எல்லோரும் எழுந்து ஓடுவார்கள் என்று நாம் பொய் சொல்ல வரவில்லை. அவசரமும் கூடாது. முதல் 24 மணி நேரத்திற்குள்ளேயே அடிக்கடி எழுப்பி நடமாட வைத்தவர்கள் குறைவாகவே தேறினார்கள் என்று 2015இல் மற்றோர் ஆராய்ச்சி காட்டிற்று. எப்பொழுது, எவ்வளவு என்பதை மருத்துவரைக் கேட்டே செய்யவேண்டும்.

ஆகவே தோழர்களே! உங்கள் வீட்டில் ஒருவர் விழுந்து கிடந்தால், தாயத்துக் கட்டுகிற நேரத்தில் அவரை எழுந்து நிற்கப் பழக்குங்கள். அவரால் செய்யக்கூடியதை அவரே செய்யட்டும்; பக்கத்தில் நில்லுங்கள், போதும் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகின்றோம்.