வலை மூடும் வரை

இருதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாளத்தில் கொழுப்புப் படிந்து வழி குறுகிவிட்டால், அதை விரித்துத் தாங்கும்படி ஸ்டென்ட் என்னும் நுண்ணிய உலோக வலையை வைக்கிறார்கள். 1986-இல் பிரான்சின் துலூஸ் நகரத்தில் முதன்முதலாக மனித இருதய நாளத்தில் இது வைக்கப்பட்டது.

காயம் பட்டவுடன் விரைந்து கூடி இரத்தப்போக்கை நிறுத்தி நம்மை இரட்சிக்கின்ற அதே தட்டணுக்கள், இந்த உலோகத்தின்மீதும் ஒட்டிக்கொண்டு உறைகட்டியை உண்டாக்கக்கூடும் என்பதனாலேயே, ஆஸ்பிரினோடு க்ளோபிடோக்ரெல் போன்ற இன்னொரு மாத்திரையும் கொடுக்கிறார்கள்.

எதுவரை? வலையின்மேல் சவ்வு வளர்ந்து மூடும் வரை. இதை அறிய, மெல்லிய குழாயை நாளத்துக்குள் செலுத்தி, ஒளியினால் உட்சுவரைப் படமெடுக்கிறார்கள். கொழுப்புப் படிவும் தெரிகிறது. கம்பிகள்மேல் சவ்வு வளர்ந்து மூடியிருக்கிறதா என்பதும் தெரிகிறது. என்ன அற்புதமான சாதனம்! சவ்வு வளர்ந்து வலையை மூட மாதக்கணக்காகிறது.

புதிதாய்ப் பூசிய சுவருக்கு, மேலே காய்ந்துவிட்டதே என்று நீர் தெளிப்பதை நிறுத்துகிறோமா? நெஞ்சுவலி போயிற்றென்று மாத்திரையையும் நிறுத்தலாகாது. பல் பிடுங்கப் போகும்போதுகூட, நிறுத்துவதற்கு முன் இருதய வைத்தியரைக் கேளுங்கள்.