வளாகம் மூடியிருந்தபோது பல்கலைக்கழகம் இயங்கிய விதம்

(பள்ளி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி ஒன்றில், ஆம்பூர்ப் பகுதிக் கலைக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொரோனா காலத்தில் பள்ளிகள் பட்ட பாட்டை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களிடம் பன்னிரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு எங்களிடம் வந்த பிள்ளைகளுக்கு அப்போது என்ன ஆனது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அதில் உங்கள் பங்கு எவ்வளவு என்று உங்களுக்கே தெரிந்திருக்காது.

தமிழ்நாட்டில் 2020 மார்ச் 17 முதல் கல்வி நிறுவனங்கள் மூடப்பட்டன. அடுத்த வாரமே ஊரடங்கு. இளநிலை இறுதியாண்டு மாணவர்களுக்காகக் கல்லூரிகள் மறுபடி திறந்தது டிசம்பர் 7. இரண்டாம் அலையில் மீண்டும் மூடி, 2021 செப்டம்பர் 1 அன்று திறந்தோம். இந்த ஒன்றரை ஆண்டில் பல்கலைக்கழகங்கள் ஒரு நாளும் நின்றுவிடவில்லை. சேர்க்கை நடந்தது, கட்டணம் வாங்கினார்கள், தேர்வு நடந்தது, பட்டமும் கொடுத்தார்கள். ஆனால் பல்கலைக்கழகம் ஓடுவதும் மாணவர் படிப்பதும் ஒன்றல்ல. இரண்டும் எந்த இடத்தில் பிரிந்து போயின என்பதுதான் இன்றைய பேச்சு.

நம் வட்டாரத்தில் மூன்று வகை நிறுவனங்கள் இருக்கின்றன. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையோடு சேர்ந்த கல்லூரி. மருத்துவமனையை எந்த அரசாணையும் மூட முடியாது. அங்கே மருத்துவப் பள்ளி தொடங்கியதே 1918இல், உலகமெங்கும் இன்ஃபுளுயன்சா பரவிய அதே ஆண்டில். இரண்டாவது, காட்பாடி வி.ஐ.டி. மாதிரியான விடுதிப் பல்கலைக்கழகம். மாணவர்களை ஊருக்கு அனுப்பிவிட்டு வகுப்புகளை இணையத்துக்கு மாற்றிக்கொள்ள அதற்கு வசதி இருந்தது. மடிக்கணினி ஏற்கெனவே கையில் இருந்த பிள்ளைகள்தான் பெரும்பாலும்.

மூன்றாவது வகைதான் நாங்கள். சேர்க்காட்டில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகம் 2002இல் உருவானது. அன்றைய வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள் அப்போது அதன் எல்லையாக இருந்தன. மாவட்டப் பிரிப்புக்குப் பிறகு எண்ணினால் ஊரடங்கு வந்தபோது அவை ஏழு. நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள். இப்படிப்பட்ட பல்கலைக்கழகத்துக்கு மாணவர் என்றால் ஒரு பதிவு எண். அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் முகம் கல்லூரிக்குத்தான் தெரியும். கல்லூரியும் மூடிவிட்டால்?

வாட்ஸ்அப் குழு தொடங்கினோம், கூகுள் மீட்டில் பாடம் நடத்தினோம். எல்லாரும் செய்ததுதான், அதை நீட்ட வேண்டாம். நம் பகுதிக்கே உரிய ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று இந்தப் பாலாற்றங்கரை முழுக்கத் தோல் தொழில். அப்பா டேனரியில், அம்மாவோ அக்காவோ ஷூ கம்பெனியில். சில வீடுகளில் பெண்கள் வீட்டிலிருந்தபடியே ஷூவின் மேற்பாகத்தைக் கையால் தைத்துக் கொடுப்பார்கள், ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. ஊரடங்கின் முதல் வாரங்களில் கம்பெனிகள் மூடியிருந்தன. எல்லாரும் வீட்டில், ஆகவே போனும் வீட்டில். இணைய வகுப்புக்கு அப்போதுதான் நல்ல வருகை. கம்பெனிகள் திறந்ததும் பத்து மணி வகுப்பில் பாதிப் பேரைக் காணோம். காரணம் சோம்பல் இல்லை. வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட்போன் காலையிலேயே வேலைக்குப் போயிருந்தது!

இரவு எட்டு மணிக்கு வகுப்பை மாற்றியவர்கள் எங்களில் சிலர். ஆனால் கால அட்டவணை, வருகைப் பதிவு, மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கை எல்லாம் பகல் நேரத்துக்கே இருந்தன. பாடத்தைக் குரல் பதிவாக அனுப்பியதுதான் ஓரளவு பயன்பட்டது. டேட்டா குறைவு, தைத்துக்கொண்டே கேட்கலாம் என்று ஒரு மாணவி சொன்னார். 2021 ஜனவரியில் தமிழக அரசு ஒன்பது லட்சத்து அறுபத்தொன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்கு ஏப்ரல் வரை தினம் 2 ஜி.பி. இலவச டேட்டா அறிவித்தது. நல்ல உதவி. ஆனால் டேட்டாவைப் போட ஒரு கருவி வேண்டுமே. அந்த இடத்தில் கைகொடுத்தது நீங்கள் மேல்நிலை வகுப்பில் வழங்கிய விலையில்லா மடிக்கணினி. விற்காமல் வைத்திருந்த வீடுகளில் பிள்ளைகள் தப்பித்தார்கள்.

அடுத்து தேர்வு. வகுப்பு இல்லாமல்கூடப் பல்கலைக்கழகம் சில மாதம் இருந்துவிடும், தேர்வு இல்லாமல் இருக்க முடியாது. 2020 ஜூலையில் இறுதியாண்டு தவிர மற்றவர்களுக்குப் பருவத் தேர்வை அரசு ரத்து செய்தது. ஆகஸ்ட் 26 அன்று, கட்டணம் கட்டியிருந்த அரியர் மாணவர்களுக்கும் தேர்ச்சி என்று அறிவித்தது. சில ஊர்களில் மாணவர்கள் பேனரே வைத்தார்கள். இரண்டு நாள் கழித்து, இறுதியாண்டுத் தேர்வை நடத்தாமல் பட்டம் தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரியர் விவகாரமும் நீதிமன்றம் போய், தேர்வே எழுதாமல் தேர்ச்சி என்பதை ஏற்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஏப்ரலில் சொன்னது. பேனர் வைத்தவர்கள் மறுபடி புத்தகம் தேடினார்கள்.

அந்தச் செப்டம்பரில் இறுதியாண்டுத் தேர்வு வீடுகளில் நடந்தது. அண்ணா பல்கலைக்கழகம் கேமரா கண்காணிப்போடு ஒரு மணி நேரக் கொள்குறி வினாத் தேர்வு வைத்தது. சென்னைப் பல்கலைக்கழக மாணவர்கள் ஏ4 தாளில் ஒன்றரை மணி நேரம் எழுதி, ஸ்கேன் செய்து பதிவேற்றினார்கள். முடியாதவர்கள் ஸ்பீடு போஸ்டில் அனுப்பலாம். கலை அறிவியல் மாணவர்களுக்கு வீட்டிலேயே எழுதி அனுப்பும் இந்த முறைதான் பொருந்தியது என்பது என் கருத்து. புத்தகம் பார்த்து எழுதியிருப்பார்கள், மறுக்கவில்லை. ஆனாலும் கிராமத்துப் பிள்ளையைத் தேர்வுக்கு வெளியே நிறுத்தாத முறை அது. ஆம்பூர் பஜாரில் ஜெராக்ஸ் கடைகளுக்கு முன்னால் முகக்கவசத்தோடு விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற வரிசையை நான் பார்த்தேன். எங்கள் தேர்வுக்கூடம் அன்று அதுதான்.

இந்த வரிசைக்குக்கூட வராதவர்களைத் தேடியபோதுதான் உங்கள் உதவி தெரிந்தது. பேரணாம்பட்டுப் பக்கத்து மாணவி ஒருவர். ஐந்து பருவம் அரியர் இல்லாமல் வந்தவர். தேர்வு நெருங்கும் நேரத்தில் போன் அணைந்து கிடந்தது, ரீசார்ஜ் செய்யவில்லை போலும். சேர்க்கை விண்ணப்பத்தில் இருந்த எண்ணும் அதுவே. மாற்றுச் சான்றிதழில் இருந்த பள்ளியின் பெயரைப் பார்த்து, தெரிந்தவர் மூலம் அந்தப் பள்ளி ஆசிரியை ஒருவரைப் பிடித்தோம். அப்போது உங்கள் பள்ளிகளில் மதிய உணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள், பாடநூலும் வழங்கினீர்கள். மாணவியின் தம்பி அதே பள்ளியில் படித்ததால், அரிசி வாங்க வந்த அம்மாவிடம் ஆசிரியை செய்தி சொல்லிவிட்டார். அந்த அம்மாவுக்கு உருதுதான் சரளம். ஆசிரியைக்கு உருது தெரியும், அதனால் வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. மாணவி தேர்வு எழுதினார். பல்கலைக்கழகத்தின் எந்தச் சர்வரும் செய்யாத வேலை இது.

எல்லாம் இப்படி முடியவில்லை. முதலாண்டு படித்துக்கொண்டிருந்த இன்னொரு மாணவி, அந்த ஜூலையில் ஷூ கம்பெனியில் சேர்ந்தார். பருவத் தேர்வு ரத்தானதால் அவருக்குத் தேர்ச்சி. பதிவேட்டின்படி அவர் இரண்டாம் ஆண்டு மாணவி, உண்மையில் தையல் மெஷினில் இருந்தார். கல்லூரி திறந்து பெயர் கூப்பிடும்வரை அவர் விலகியது எந்த அறிக்கையிலும் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ப் பேசினோம். "சம்பளத்தை நம்பித்தான் சார் கடன் வாங்கியிருக்கோம்" என்றார். அதற்குமேல் நாங்கள் பேச ஒன்றுமில்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது 2022 செப்டம்பர் 5இல்தான்.

ஊரடங்கின்போது வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது, உங்களுக்கும் வந்திருக்கும். 1665இல் பிளேக் நோயால் கேம்பிரிட்ஜ் மூடப்பட்டபோது நியூட்டன் வீட்டிலிருந்தே சாதித்தார், நீங்களும் சாதியுங்கள் என்று. நியூட்டன் திரும்பிப் போனது குடும்பத்துக்குச் சொந்தமான பண்ணை வீட்டுக்கு. ஒற்றை அறையில் ஐந்து பேரும் ஒரு போனும் இருக்கும் வீட்டுக்கு அந்தச் செய்தியை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

2021இல் பன்னிரண்டாம் வகுப்பில் பொதுத்தேர்வு இல்லாமல், பத்தாம் வகுப்புக்கு 50, பதினொன்றுக்கு 20, பன்னிரண்டுக்கு 30 விழுக்காடு என்ற கணக்கில் மதிப்பெண் பெற்று வந்தவர்களுக்கும் நாங்கள் பாடம் நடத்தினோம். அறிவில் குறைந்தவர்கள் அல்லர். மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதும் பழக்கம் மட்டும் விட்டுப்போயிருந்தது. முதல் பருவத்தில் வாரம் ஒரு முறை வெறுமனே எழுத வைத்தோம், அடுத்த பருவத்துக்குள் கை பழகிவிட்டது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மாற்றுச் சான்றிதழ் கொடுக்கும் நாளில், மாணவரிடம் இரண்டாவதாக ஒரு தொலைபேசி எண்ணையும் கேட்டு எழுதி வையுங்கள். அப்பாவின் எண் வேண்டாம், அது வேலைக்குப் போய்விடும். பக்கத்து வீடு, மளிகைக் கடை, அத்தை வீடு என்று ஊரை விட்டுப் போகாத எண்ணாகப் பார்த்து வாங்குங்கள். கல்லூரியிலிருந்து யாராவது கேட்டால் தயங்காமல் தேடிக் கொடுங்கள். எங்கள் கல்லூரியில் இப்போது சேர்க்கை விண்ணப்பத்தோடு, மாணவர் கடைசியாகப் படித்த வகுப்பு ஆசிரியரின் பெயரையும் எழுதி வாங்குகிறோம். உங்களில் சிலருக்கு இந்த ஆண்டே எங்களிடமிருந்து அழைப்பு வரலாம்.