புல்லாங்குழல்காரர் எப்போது மூச்சு விடுவார்?



சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் ஒரு சினிமாவுக்கு ரீ-ரெக்கார்டிங் செய்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, அட்வான்ஸும் கொடுக்கவில்லை. படத்தின் இயக்குநர் 1938-லேயே காலமாகிவிட்டார். ஜார்ஜ் மெலியெஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1902-இல் எடுத்த மௌனப்படம் அது. வானியல் அறிஞர்கள் சிலர் ஒரு பெரிய பீரங்கிக் குண்டுக்குள் ஏறி உட்கார்ந்து நிலாவுக்குப் போகிறார்கள். குண்டு நேரே போய் நிலாவின் கண்ணில் குத்தி நிற்கும். அந்த இடத்துக்கு முன்னும் பின்னுமாக மூன்று நிமிடத்துக்கு இசை போட்டேன். கையில் இருந்தவை ஒரு மடிக்கணினி, ஒரு ஹெட்போன், மகள் பாதியில் விட்டுவிட்ட கீபோர்டு வகுப்புக்காக வாங்கிய கீபோர்டு. காதில் விழுந்ததோ ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா. வயலின் கூட்டம், பித்தளைக் கொம்புகள், டிம்பனி முழக்கம், எல்லாவற்றுக்கும் மேலே மிதந்துபோகிற ஒரு புல்லாங்குழல்.

அதை இணையத்தில் ஏற்றினேன். இரண்டு நாள் ஒருவரும் சீந்தவில்லை. மூன்றாம் நாள் முகம் தெரியாத ஒருவர் இரண்டே வரி எழுதியிருந்தார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உங்கள் புல்லாங்குழல்காரர் எப்போது மூச்சு விடுவார்?

திரும்பப் போட்டுக் கேட்டேன். ஐம்பது விநாடிக்கு மேல் இடைவெளியே இல்லாமல் குழலை ஊத வைத்திருக்கிறேன். நிஜமான ஆள் ஒருவர் முன்னால் உட்கார்ந்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

என்னைப் போல வீட்டு அறையில் உட்கார்ந்து, இல்லாத சினிமாவுக்கும் இருக்கிற சினிமாவுக்கும் இசை செய்து இணையத்தில் பகிர்கிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். பகலில் ஆபீஸ், பள்ளிக்கூடம், கடை. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆர்கெஸ்ட்ரா. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘சினிமாட்டிக்’. பாட்டு கிடையாது, பாடகர் கிடையாது. கேட்டால் ஏதோ ஒரு காட்சி கண்ணில் ஓட வேண்டும், அவ்வளவுதான். இவர்களுக்கு இந்த ஆர்கெஸ்ட்ரா எங்கிருந்து கிடைத்தது என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

கணினிக்குள் இருக்கிற அந்தப் புல்லாங்குழல், கணினி தானாக உண்டாக்கிய சத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. யாரோ ஒரு கலைஞர் ஸ்டூடியோவில் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாக ஊதிக் கொடுத்திருக்கிறார். மெதுவாக ஒரு தடவை, நடுத்தரமாக ஒரு தடவை, பலமாக ஒரு தடவை. நீட்டி ஒரு தடவை, வெட்டி ஒரு தடவை. இப்படி எடுத்த துண்டுகளுக்கு ‘சாம்பிள்’ என்று பெயர். நாம் ஒரு கட்டையை அழுத்தினால் அதற்கான துண்டு ஒலிக்கிறது.

யோசனை பழையது. 1963-இல் இங்கிலாந்தில் மெல்லோட்ரான் என்று ஒரு வாத்தியம் வந்தது. அதன் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு ஒலிநாடாத் துண்டு. அதில் வயலினோ குழலோ பதிவாகியிருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். ஏறக்குறைய எட்டு விநாடியில் தீர்ந்துபோகும், விரலை எடுத்தே ஆக வேண்டும். 1967-இல் வந்த பீட்டில்ஸின் ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ பாட்டின் தொடக்கத்தில் கேட்கிற குழல் இந்த எந்திரத்தினுடையதுதான். நான் செய்த தப்பை அந்த எந்திரத்தில் செய்ய முடியாது. அதற்கு மூச்சே எட்டு விநாடிதான்!

அப்புறம் 1983-இல் மிடி வந்தது. ஒரு கம்பெனியின் கீபோர்டு இன்னொரு கம்பெனியின் கீபோர்டோடு பேசுவதற்கான பொதுமொழி அது. எந்த ஸ்வரம், எவ்வளவு பலம், எப்போது விரலை எடுத்தார் என்று எல்லாம் எண்களாகவே போகும். பலத்துக்கு 0 முதல் 127 வரை. நாற்பது வருடம் தாண்டியும் இன்று பெரும்பாலும் அதே கணக்குதான்.

பகிர்கிற பழக்கத்துக்கு வேறொரு வேர் உண்டு. 1987-இல் கார்ஸ்டன் ஓபார்ஸ்கி என்ற ஜெர்மன் புரோகிராமர் ‘அமிகா’ கணினிக்கு ‘அல்டிமேட் சவுண்ட்டிராக்கர்’ என்ற மென்பொருளை எழுதினார். ஒரே சமயத்தில் நாலு ஒலிகள்தான் வரும். ஆனால் இந்த வகை மென்பொருளில் செய்த இசையைச் சேமித்தால் ஸ்வரங்களும் சாம்பிளும் ஒரே கோப்பில் இருக்கும். பையன்கள் அதை ஃபிளாப்பியில் போட்டுக் கைமாற்றினார்கள். வாங்கியவர் வெறுமனே கேட்பதோடு நிற்க வேண்டியதில்லை. கோப்பைத் திறந்தால் இசை செய்தவர் எந்த இடத்தில் எந்த ஒலியை எப்படி வைத்தார் என்று வரிவரியாகத் தெரியும். சமைத்த குழம்போடு பக்குவத்தையும் எழுதிக் கொடுத்த மாதிரி. இன்றைக்கு இணையத்தில் பெரும்பாலும் பாட்டு மட்டும்தான் கிடைக்கிறது, பக்குவம் கிடைப்பதில்லை. இந்த விஷயத்தில் அந்தக் காலத்துப் பையன்கள் கொடுத்துவைத்தவர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பெரிய ஆர்கெஸ்ட்ரா வீட்டுக்கு வந்தது இதெல்லாம் கடந்துதான். பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் கலைஞர்களை அவர்களுடைய மைடா வேல் ஸ்டூடியோவிலேயே உட்கார வைத்து, ஸ்பிட்ஃபயர் ஆடியோ என்ற லண்டன் நிறுவனம் ஸ்வரம் ஸ்வரமாகப் பதிவு செய்தது. 2019-இல் வெளிவந்த முழுத் தொகுப்பு அரை டெராபைட்டுக்கும் மேல், விலையும் அதற்கேற்ப. 2020-இல் அதே வாத்தியங்களைச் சுருக்கி, ஏறக்குறைய 200 எம்.பி.யில் 33 வாத்தியங்களோடு ஒரு சின்னத் தொகுப்பு விட்டார்கள். அப்போது விலை 49 டாலர். பணம் இல்லையென்றால் ஒரு கேள்வித்தாளைப் பூர்த்தி செய்துவிட்டு 14 நாள் காத்திருந்தால் இலவசமாகக் கொடுத்தார்கள். நானும் 14 நாள் காத்திருந்தவன்தான். பதினைந்தாம் நாள் காலையில் பல் தேய்க்கும் முன்பே கணினியைத் திறந்தேன்.

திறந்ததும் வந்தது ஏமாற்றம்தான். நாலு ஸ்வரத்தைச் சேர்த்து அழுத்தினால் பஜனை மடத்து ஹார்மோனியம் மாதிரி கேட்டது. லண்டன் வயலின்காரர்கள் வாசித்ததுதான், ஆனால் உயிர் இல்லை. ஏன் என்று பிடிபட எனக்குப் பல மாதம் ஆயிற்று. கீபோர்டில் கட்டையை அழுத்தியதோடு நம் வேலை முடிந்துவிடுகிறது. வயலினில் வில்லை வைத்த பிறகுதான் வேலையே ஆரம்பம். ஸ்வரம் மெல்லப் பிறந்து, நடுவில் பெருத்து, கடைசியில் இளைக்கும். இதற்காகக் கீபோர்டின் இடது ஓரத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. மாட் வீல் என்பார்கள். வலது கை வாசிக்கும்போது இடது கை அந்தச் சக்கரத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும், பால் காய்ச்சுகிறவர் அடுப்புத் தீயைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி. ஏற்றினால் பலமாக வாசித்த சாம்பிள், இறக்கினால் மெதுவாக வாசித்த சாம்பிள். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கரைகிற இடத்தில் வயலின் உயிர் பெறுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே ஸ்வரத்தை வேகமாகப் பத்து தடவை தட்டினால், ஒரே துண்டு பத்து தடவை ஒலித்து, தையல் மெஷின் ஓடுகிற மாதிரி இருக்கும். அதனால் நல்ல தொகுப்புகளில் ஒரே ஸ்வரத்தைப் பலமுறை வாசிக்க வைத்து, மாற்றி மாற்றி ஒலிக்க விடுகிறார்கள். போதாததற்குக் கணினி, தாளம் பிசகாமல் எல்லா ஸ்வரத்தையும் கோட்டில் நிறுத்தி வைக்கும். அனுபவப்பட்டவர்கள் அதையும் வேண்டுமென்றே கொஞ்சம் கலைத்துவிடுகிறார்கள். ஐம்பது பேர் ஒரே கணத்தில் வில்லை வைப்பது ராணுவ அணிவகுப்பில்கூட நடக்காது. ஆக, எந்திரத்துக்குத் தப்பு செய்யக் கற்றுக்கொடுப்பதிலேயே பாதி ராத்திரி போய்விடுகிறது.

2020 ஊரடங்கு நேரத்தில் இதே ஸ்பிட்ஃபயர் நிறுவனமும் எச்பிஓ தொலைக்காட்சியும் சேர்ந்து ஒரு போட்டி வைத்தார்கள். ‘வெஸ்ட்வேர்ல்ட்’ தொடரின் மூன்றாம் பருவத்திலிருந்து ஒரு கார் துரத்தல் காட்சி, சுமார் நாலு நிமிடம். வசனமும் வெடிச்சத்தமும் அப்படியே இருக்கும், இசையை மட்டும் எடுத்திருப்பார்கள். நீங்கள் போட வேண்டும். வந்தவை 11,000-க்கும் மேல். ஒருவர் தூங்காமல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டால் முழுதாக ஒரு மாதம் ஆகும்.

படைப்புகள் யூடியூபில் இருந்தன. நான் ஒரு நாற்பது கேட்டிருப்பேன். பத்துக்குப் பிறகு எது யாருடையது என்று தெரியவில்லை. அதே முரசு, அதே கொம்பு, டிரெய்லர்களில் நெஞ்சைத் தட்டுமே, அதே ‘ப்ராம்’ சத்தம். எல்லோர் கையிலும் ஒரே மாதிரி ஆர்கெஸ்ட்ரா இருந்தால் இதுதான் நடக்கும். கார் வேகமாக ஓடினால் தாளமும் வேகமாக ஓட வேண்டும் என்று யார் சொன்னது? பரிசு வாங்கியவரோ பழைய வீடியோ கேம் ஒலிகளை நடுவே நுழைத்திருந்தார். கிர்ர், பீப் என்று. அறிவித்த உடனே ஒரே கூச்சல். இதுவா சினிமா இசை, எங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்றெல்லாம் பலர் கொதித்தார்கள். முதல் தடவை கேட்டபோது நானும் முகம் சுளித்தேன். ஆனால் மறுநாள் காலையில் அந்த நாற்பதில் எது ஞாபகம் இருக்கிறது என்று யோசித்தால், அது ஒன்றுதான் இருந்தது. தீர்ப்பு சரி என்பதே என் கட்சி.

இந்தக் கூச்சலுக்கு இடையில் இன்னொன்றும் நடந்தது. தோற்றவர்கள் ஒருவர் செய்ததை ஒருவர் கேட்க ஆரம்பித்தார்கள். அந்த வெடிச்சத்தத்துக்கு முன்னால் ஏன் நிறுத்தினீர்கள், வசனம் வரும்போது வயலினை எப்படி ஒதுக்கினீர்கள் என்று கேள்வி, பதில். ஒரே காட்சி என்பதால் பேச்சு எளிதாகிவிட்டது. நம் ஊரில் ஒரே கீர்த்தனையைப் பத்து பேர் பாடக் கேட்டுவிட்டுத் திண்ணையில் பேசுவோமே, அதே சுகம்.

நம் ஊரையும் சொல்லிவிடுகிறேன். இங்கே வீட்டிலிருந்தே இசை செய்ய முடியும் என்பதற்கு எல்லோரும் காட்டுகிற சாட்சி, ஏ.ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு அமைத்துக்கொண்ட ஸ்டூடியோ. 1992-இல் ‘ரோஜா’ வந்தபோது அதைக் கேட்டு வளர்ந்தவர்களின் பிள்ளைகள் இன்று மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் இவர்களுக்கு ஒரு தனித் தொல்லை. லண்டனில் பதிவு செய்த வயலின் ஸ்வரத்தில் போய் நிற்கும். நம் தோடியில் காந்தாரம் நிற்காதே, அசையுமே! ஸ்வரத்தை மேலும் கீழும் வளைக்கிற பிட்ச் பெண்ட் சக்கரத்தைத் திருப்பிக் கமகம் போடப் பார்க்கிறார்கள். வழுக்குகிற மாதிரி இருக்குமே தவிர, அசைகிற மாதிரி இருக்காது. விவரம் தெரிந்தவர்கள் அந்த ஓர் இடத்துக்கு மட்டும் வயலின் வாசிக்கிற சினேகிதரைக் கூப்பிட்டு, ஜன்னலைச் சாத்தி, போர்வையைத் தொங்கவிட்டு நிஜமாகவே பதிவு செய்துகொள்கிறார்கள். அதற்கப்புறம் சுற்றியுள்ள கணினி வயலின்களும் பிழைத்துக்கொள்கின்றன.

செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. புதுப்படத்தின் காட்சியை வெட்டி, அதற்கு உங்கள் இசையைப் போட்டு யூடியூபில் ஏற்றினால் படக்கம்பெனி அதை நிறுத்தலாம். இசை உங்களுடையதுதான், படம் உங்களுடையதில்லையே. அந்த வம்பு இல்லாமல் பழக நல்ல படங்கள் இருக்கின்றன. நெதர்லாந்தின் பிளெண்டர் அமைப்பு 2008-இல் வெளியிட்ட ‘பிக் பக் பன்னி’, 2010-இல் வெளியிட்ட ‘சின்டெல்’ இரண்டும் அனிமேஷன் படங்கள். செய்தவர்கள் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று ஏறக்குறைய பத்து நிமிடம், இன்னொன்று பதினைந்து. ஒலியை அடைத்துவிட்டு ஆரம்பிக்கலாம்.

என் நிலாப் படத்துக்கு வருகிறேன். புல்லாங்குழல் வரியை மூன்று இடத்தில் வெட்டி மூச்சு வைத்தேன். மூன்றாவது மூச்சு, குண்டு நிலாவின் கண்ணில் குத்துவதற்குச் சற்று முன்னால் வந்து விழுந்தது. நான் திட்டமிட்டதில்லை. அந்த அரை விநாடி மௌனத்துக்குப் பிறகு குத்தும்போது, எப்போதும் இந்த விஷயத்தில் அக்கறை காட்டாத என் மகள் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்த முகம் தெரியாத மனிதருக்கு நன்றி எழுதினேன். பள்ளி நாட்களில் பேண்டில் குழல் வாசித்தவராம்.

நேயர்களே, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கொண்டு இப்படி ஒருவர் உட்கார்ந்திருந்தால், செய்ததைப் போடச் சொல்லி மூன்று நிமிடம் முழுசாகக் கேளுங்கள். கேட்டு முடித்ததும் பிரமாதம் என்று சொல்லிவிட்டு எழுந்து போகாதீர்கள். எந்த இடத்தில் உங்கள் கை செல்போனைத் தேடியது என்று மட்டும் சொல்லுங்கள்.