மேடையிலிருந்து காலண்டருக்கு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இன்ஜினியரைக் கூப்பிட்டா மெஷினைப் பத்திப் பேசுவான்னு நினைச்சிருப்பீங்க. நான் ஒரு காலண்டர் படத்தைப் பத்திப் பேச வந்திருக்கிறேன்.

புதூரில் எங்கள் நடுவீட்டுச் சுவரில் கண்ணாடி போட்ட முருகன் படம் ஒன்று இருந்தது. கீழ் மூலையில் கொண்டையராஜு என்ற கையெழுத்து. அவர் 1898-ல் சென்னை மயிலாப்பூரில் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் சில காலம் இருந்து, பிறகு நாடகக் கம்பெனிக்கு சீன் எழுதப் போனார். கம்பெனியோடு கோவில்பட்டிக்கு வந்தவர், 1940-களில் இங்கேயே தங்கிவிட்டார். 1976-ல் மறையும்வரை இதுதான் அவர் ஊர். டி. எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் போன்ற சீடர்களும் உருவானார்கள். படங்கள் சிவகாசியில் அச்சாகி வீடு வீடாகப் போயின.

அச்சு வேலை லேசு இல்லை. கல்லச்சிலிருந்து ஆஃப்செட் வரை தத்துவம் ஒண்ணுதான்: எண்ணெய் மையும் தண்ணியும் சேராது. ஒவ்வொரு வண்ணமும் தனித்தனியா ஏறணும். ஒரு நூல் விலகினாலும் சாமிக்கு உதடு ரெண்டாத் தெரியும்.

அந்தப் படங்களை உத்துப் பாருங்க. பின்னால் மலை, குளம், மண்டபம், எல்லாம் நாடகப் படுதா மாதிரியே இருக்கும். ராஜபார்ட்காரர் சபையைப் பார்த்து நிற்பதுபோல சாமி நம்மைப் பார்த்து நிற்கும்.

ஜப்பானில் ஷராக்கு என்ற ஓவியர் 1794-95-ல் பத்தே மாதத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் தந்தார். பெரும்பாலும் கபுக்கி நடிகர்கள். மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டவை. எந்த நடிகர், எந்த வேஷம் என்று இன்றும் சொல்கிறார்கள். நம்ம பக்கம் நடிகர் நின்ற நிலை மட்டும் சாமிக்குப் போச்சு. அவர் பெயர் படத்தில் இல்லை.

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது பிந்தித்தான். வீட்டை இடிச்சுக் கட்டினப்போ, கரையான் அரிச்சிருக்குன்னு அந்தப் படத்தைக் கண்மாயில் போட்டவன் நான்தான். அம்மா ஒண்ணும் சொல்லலை. புது வீட்டில் அதுக்குன்னு அவங்க அடிக்கச் சொன்ன ஆணி இன்னும் சும்மாதான் இருக்கு.

ஊருக்குப் போனதும் உங்க வீட்டுப் பழைய படத்தின் மூலையைப் பாருங்க. கையெழுத்து இருந்தா ஒரு போட்டோ எடுத்து வையுங்க. பக்கத்தில் இருக்கிற பெரியவங்ககிட்ட, எந்த நாடகம் பார்த்தீங்கன்னு கேளுங்க. பெயர் சொல்ல அவங்கதான் மிச்சம்.